ரோசாக்குட்டிக்கு வாய்த்த முகம்

பணகுடியைத் தாண்டினால் கரண்டு எடுக்கிற காற்றாடிக் காடு. ஆரல்வாய்மொழி மலையிடுக்கிலிருந்து புறப்படுகிற காற்று, வழியில் ஆட்டையும் மாட்டையும் அண்ணாச்சிமார் வேட்டியையும் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, வெள்ளை வெளேரென்று நிற்கிற அந்தக் காற்றாடிகளையெல்லாம் சுற்றவிட்டு, அதற்குப் பிறகும் தெம்பு மிச்சமிருந்து, நாற்கரச் சாலையோரம் இருந்த ஆனந்தலோகம் பூங்காவுக்குள் நுழைந்து, ராட்டினத்தில் தலைகீழாகத் தொங்குகிறவர்களின் கூச்சலையும் தண்ணீரில் பொத்தென்று விழுகிறவர்களின் சிரிப்பையும் அள்ளிக்கொண்டு போய்ச் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் கொட்டும். அதனால் டிக்கெட் எடுத்து உள்ளே போகாதவர்களுக்கும் ஆனந்தலோகத்தில் என்ன நடக்கிறதென்று காதுவழியே தெரிந்திருந்தது. அந்த ஆனந்தலோகத்தில் வாத்தாக இருந்தவள் பேச்சி.

வாத்து என்றால் சும்மா வாத்து இல்லை, ரோசாக்குட்டி ஏறிப் பறக்கிற வாத்து. ரோசாக்குட்டி தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு டிவியில் வருகிற கார்ட்டூன் பிள்ளை. வீடு மேகத்தில், கண் இரண்டும் சாயாத் தட்டு அகலத்தில், தோல் பஞ்சுமிட்டாய் நிறத்தில், இடுப்பு எறும்புக்கு இருக்கிற மாதிரி. அவள் வருகிற நேரத்தில் நாடு பூராவும் பிள்ளைகள் வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்க, தாய்மார்கள் அந்த நேரம் பார்த்துப் பாகற்காயை ஊட்டிவிட்டார்கள். ஆனந்தலோகத்தில் ரோசாக்குட்டியாக நின்றது ரியா என்ற வடக்கத்திப் பெண். பூசாமலே பாதி ரோஸாக இருந்தாள், மீதிக்குப் பவுடர். பேச்சி அவளுக்குப் பின்னால், மஞ்சள் பஞ்சுக் கூட்டுக்குள் வியர்த்துக்கொண்டு, அலகு இடுக்கு வழியாக உலகத்தைப் பார்த்துக்கொண்டு, இறக்கையை ஆட்டினாள்.

பேச்சிக்குப் பதினெட்டு வயது. தொண்டைக்குள் ஒரு சந்தையே வைத்திருந்தாள். வள்ளியூர் பஸ்ஸின் கண்டக்டர், ஞாயிற்றுக்கிழமைப் பாதிரியார், ரேஷன் கடைக்காரர், புகைந்துபோன மிக்ஸி, சாணி மிதித்த வாத்தியார், எல்லாரும் அதற்குள் குடியிருந்தார்கள். வேஷக் கூட்டுக்குள் இருக்கிறவர்கள் பேசக்கூடாது என்பது பூங்காவின் சட்டம். பேச்சி அந்தச் சட்டத்தை மதித்து ஒருநாளும் தன் குரலில் பேசியதில்லை. வாத்துக்குள்ளிருந்து மேனேஜர் கிளாட்வினின் மூக்கடைத்த குரலில், "டிக்கெட் கவுண்டரை மூடிட்டு எல்லாரும் போய் பஜ்ஜி சாப்பிடுங்க, இது என் உத்தரவு, பாத்துக்கிடுங்க" என்று ஒருநாள் சொன்னாள். எல்லாரும் போய்ச் சாப்பிட்டார்கள். கிளாட்வினும் தான் எப்போது சொன்னோம் என்று யோசித்துக்கொண்டே இரண்டு பஜ்ஜி தின்றார்.

கோடை விடுமுறைக் கூட்டம் அலைமோதும் நேரத்தில் ரியா கல்யாணம் நிச்சயமாகி ஊருக்குப் போய்விட்டாள். கிளாட்வினுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வாத்துக்குள்ளிருந்து ரோசாக்குட்டியின் குரல் வந்தது, டிவியில் வருகிற அதே குழைவு, அதே வெல்லப்பாகு: "மேகத்து மாமா, அழாதீங்க, நான் இருக்கேன்ல?"

கிளாட்வின் திரும்பிப் பார்த்தார். வாத்து நின்றது. வாத்தைக் கழற்றச் சொன்னார். கவுனை மாட்டச் சொன்னார்.

முதல் நாள் முழுக்கப் பிள்ளைகள் பேச்சியின் கவுனைப் பிடித்துக்கொண்டு அலைந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் கிட்டே வந்து உற்றுப் பார்த்துவிட்டு, "நீ ஏன் கருப்பா இருக்க?" என்று கேட்டாள்.

"மேகத்துலருந்து இறங்கி வந்தேம்லா. வழியில சூரியன் பிடிச்சு வச்சுக்கிட்டு விட மாட்டேன்னுட்டான்."

சிறுமிக்கு அது போதுமாயிருந்தது. கட்டிப்பிடித்து ஒரு முத்தமும் கொடுத்தாள். அவளுடைய அம்மாவுக்குப் போதவில்லை. மதுரையிலிருந்து கார் வைத்து வந்த அந்த அம்மாள் நேரே மேனேஜர் அறைக்குப் போய், "என் பொண்ணு ரோசாக்குட்டியப் பாக்கணும்னு ராத்திரியெல்லாம் தூங்கல சார். நீங்க என்னடான்னா பாத்திரம் தேய்க்க வந்த பிள்ளைக்கு கவுன் மாட்டி நிறுத்தியிருக்கீங்க. நான் நிறத்தப் பத்திச் சொல்லல. நாங்க அப்படிப்பட்டவங்க இல்ல. ஆனா கார்ட்டூன்ல எப்படி இருக்கோ அப்படி இருக்கணும்ல? ஒரு நேர்மை வேண்டாமா?" என்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் நேர்மை வேண்டும் என்றார்கள். அன்று சாயங்காலத்துக்குள் நேர்மை கேட்டவர்களின் வரிசை ராட்டினத்துக்கு நின்ற வரிசையைவிட நீளமாகிவிட்டது.

கிளாட்வின் பேச்சியைக் கூப்பிட்டார். "நீ தப்பா நினைக்கப்படாது, கேட்டியா. குரல் நூத்துக்கு நூறு. ஆனா ஜனங்க காதால பாக்கதில்லையே. நாளையிலருந்து நீ வாத்துக்குள்ளயே இருந்து குரலக் குடு. வெளிய ஒரு செவத்த பிள்ளையா நிறுத்துவோம், வாய மட்டும் அசைக்கட்டும்."

"சரி சார்," என்றாள் பேச்சி, கிளாட்வினின் குரலிலேயே. அவர் ஒருகணம் தன்னையே திட்டப்போகிறவர்போல விழித்தார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா செல்லத்தாய் மடியில் சொளவை வைத்து, அதில் பரப்பிய இலையையும் தூளையும் எடுத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பேச்சி ஒரு சாண் முகத்தை அரைச்சாண் ஆக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். ஆறு மணி ஆனது. ரோசாக்குட்டி வந்தாள். பேச்சியின் முகத்தோடு வந்தாள்.

அதே கவுன், அதே மேகம், அதே வாத்து. முகம் மட்டும் பேச்சியினுடையது: பனங்கொட்டைக் கருப்பு, முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து, சைக்கிள் பழகும்போது கீழே விழுந்து பிளந்த இடது புருவம், கம்மல் தொலைந்த காது தூர்ந்துபோகாமல் இருக்கச் செருகிய துடைப்பக்குச்சி.

செல்லத்தாய் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே பார்த்தாள். "டிவில வரப்போறேன்னு ஒரு வார்த்தை சொல்லலியேட்டி."

"எனக்கே இப்பதாம்மா தெரியும்."

"தலையவாவது ஒழுங்கா வாரிக்கிட்டுப் போயிருக்கலாம்லா," என்றாள் செல்லத்தாய், அடுத்த இலையை எடுத்துக்கொண்டு.

மறுநாள் காலையில் பார்த்தால் டிவியில் மட்டுமல்ல. பள்ளிக்கூடப் பையில், தண்ணீர்ப் பாட்டிலில், பிறந்தநாள் கேக்கின் மேல், பலூனில், டாக்டர் வீட்டு ஊசி அறைச் சுவரில், எங்கெல்லாம் ரோசாக்குட்டி ரோஸாகச் சிரித்தாளோ அங்கெல்லாம் பேச்சி கருப்பாகச் சிரித்தாள். மும்பையில் அந்தக் கார்ட்டூனை வரைகிற கம்பெனியில் ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து, வாளி வாளியாக ரோஸ் நிறத்தைக் கொட்டி மறுபடி வரைந்து அனுப்பினார்கள். அங்கே ரோஸாகப் புறப்பட்டது, இங்கே வரும்போது பல் சந்தோடு வந்தது. வழியில் சூரியன் பிடித்து வைத்துக்கொண்டது என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

ஊர் ஒரு அதிசயத்தை எவ்வளவு நேரம் அண்ணாந்து பார்க்கும்? கழுத்து வலிக்கிற வரைக்கும். அதற்குப் பிறகு அதில் துணி காயப்போடும். டீக்கடை பெஞ்சே கதியென்று கிடக்கிற ஞானையா, "எனக்கு அவ தூரத்துச் சொந்தம்தான் வே, எங்க சித்தப்பா கெட்டுன வீட்டு வழி" என்று ஆரம்பித்தார்; வாரம் திரும்புவதற்குள் பணகுடியிலிருந்து வள்ளியூர் வரைக்கும் பேச்சிக்குச் சொந்தமில்லாத ஆள் போஸ்ட் மரம் மட்டும்தான் என்றாகிவிட்டது. பேன்சி ஸ்டோரில் முகம் வெளுக்கிற களிம்பு கேட்பாரில்லாமல் காய்ந்தது. கடைக்காரர் அதைக் கதவுக் கீலுக்குப் போட்டார். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் தங்கக் கம்மலைக் கழற்றிவிட்டுத் துடைப்பக்குச்சி செருகிக்கொண்டு போனார்கள், வீடுகளில் துடைப்பங்கள் மெலிந்தன. பெண் பார்க்க வந்தவர்கள், "பிள்ளை கொஞ்சம் நிறம் அதிகமா இருக்கே" என்று இழுத்தார்கள், அதிகம் என்றால் வெள்ளை அதிகம் என்று அர்த்தம். டிவியில் நாலு பேர் நாலு பெட்டிக்குள் உட்கார்ந்து பேசினார்கள். ஒருவர் இது புரட்சி என்றார், ஒருவர் இது சதி என்றார், மூன்றாமவர் எங்கள் ஆட்சியில் எப்போதோ தொடங்கிய வேலை இது என்றார், நாலாமவரைப் பேசவிடவில்லை. பேச்சி அந்த நாலு பேரையும் மனப்பாடம் செய்து பீடிக்கடை வாசலில் நடித்துக் காட்டினாள், பேசவிடாத ஆளின் தொண்டைச் செருமல் உட்பட.

கிளாட்வின் ஓடோடி வந்தார். சட்டம் சட்டம்தானே; கார்ட்டூனில் எப்படியோ அப்படித்தானே இருக்கவேண்டும். பேச்சி கவுனை மாட்டிக்கொண்டு, பவுடர் இல்லாமல், முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஆனந்தலோகத்தின் நடுவில் நின்றாள். யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. தன்னைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு முகம் மலர்கிறதைப் பேச்சி அதுவரை கண்டதில்லை, மற்றவர் குரலில் பேசினால்தான் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். இப்போது வாயைத் திறக்காமல் சும்மா நின்றாலே சிரித்தார்கள். அது ஒரு ருசி. கள்ளைப்போல மெதுவாக ஏறுகிற ருசி. மதுரை அம்மாள்கூட இன்னொருமுறை வந்து, "இப்பதான் அச்சு அசலா இருக்கு" என்று பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள்.

செல்லத்தாய்க்கு மட்டும் பயம். ஒரு தெரு பார்த்தாலே கண் படும். இது நாடு பார்க்கிறது. மிளகாயும் உப்பும் கால்மண்ணும் சேர்த்துச் சுற்றி அடுப்பில் போட்டாள்; மிளகாய் கமறவில்லை, அப்படியென்றால் கண்ணேறு அவ்வளவும் பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்று இன்னும் பயந்தாள். பேச்சியின் வலது கன்னத்தில் மையைத் தொட்டு ஒரு பெரிய பொட்டு வைத்தாள். அன்றைக்கு ஆறு மணிக்கு ரோசாக்குட்டியின் வலது கன்னத்தில் அந்தப் பொட்டு இருந்தது. அப்போதுதான் தெரிந்தது, வந்தது ஒருநாள் வந்த முகம் இல்லை, அன்றன்றைக்குப் பேச்சி இருக்கிறபடியே வருகிற முகம் என்று.

தெரிந்ததும் பேச்சிக்குக் குதியாட்டம் தாங்கவில்லை. ஒருநாள் நெற்றி நிறையத் திருநீறு, ஒருநாள் பென்சிலால் மீசை. நாடு முழுக்க ரோசாக்குட்டிக்கு மீசை முளைத்தது, பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். "அடங்குட்டி, சவத்து மூதி" என்றாள் அம்மா. அடங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு, பூங்காவிலிருந்து தூக்கி வந்த பழைய வாத்துத் தலையை எடுத்து மாட்டிக்கொண்டு அறை நடுவில் நின்றாள். டிவியில் ரோசாக்குட்டியின் கழுத்துக்கு மேல் வாத்து இருந்தது. வாத்தின் மேல் வாத்து ஏறிப் பறந்தது. பேச்சி கூட்டுக்குள் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டிப்போனாள்.

சிரித்தவள் அவள். யோசித்தவர்கள் மும்பையில் இருந்தார்கள்.

கம்பெனியிலிருந்து ஒரு மேடம் வந்தாள். மேடம் மெல்லிய குரலில் அவள் பாஷையில் பேச, கிளாட்வின் தமிழில் சொன்னார்.

"மேடம் சொல்லுதாவ, உன் நிறம் ரொம்ப அழகாம். அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம்."

"பிடிச்சிருந்தா வச்சுக்கிடச் சொல்லுங்க."

மேடம் சிரித்தாள், மறுபடி பேசினாள்.

"அவங்க வச்சுக்கிடுவாங்களாம். மத்தவங்க வாங்க மாட்டேங்காங்களாம். முதல்ல புதுசுன்னு வாங்குனாங்க. இப்போ பொம்மை விக்கலியாம், பை விக்கலியாம். தப்பு யார் மேலயும் இல்லையாம். ஜனங்களுக்குப் பழக்கம் அப்படியாம்."

"அதுக்கு?"

"படத்தைத் திருத்த முடியல. அதனால..." கிளாட்வின் நிறுத்திவிட்டுக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். மேடம் தன் காலடியில் இருந்த பெட்டியைத் திறந்தாள். உள்ளே பைபரில் செய்த ஒரு தலை. சாயாத் தட்டுக் கண், பஞ்சுமிட்டாய்க் கன்னம், சந்தில்லாத பல். பழைய ரோசாக்குட்டி. "நீயே காட்டுன வழிதான். வாத்துத் தலைய மாட்டுனா வாத்து வருது. இதை மாட்டுனா இது வரும்லா," என்றார் கிளாட்வின்.

"மாட்ட மாட்டேன்," என்றாள் பேச்சி. யாருடைய குரலிலும் இல்லை, அவள் குரலில்.

மேடம் அதற்கும் சிரித்துவிட்டு மும்பைக்குப் போய்விட்டாள். போகும்போது ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போனாள்: ரோசாக்குட்டி சரியாகாவிட்டால் ஆனந்தலோகத்துக்கு ரோசாக்குட்டி கிடையாது, ரோசாக்குட்டி இல்லாத ஆனந்தலோகத்துக்கு யார் வருவார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஊர் யோசித்தது. ராட்டினம் சுற்றுகிறவன், டிக்கெட் கிழிக்கிறவள், பஜ்ஜி போடுகிறவர், வேன் ஓட்டுகிறவர், கக்கூஸ் கழுவுகிறவள் என்று சுற்றுப்பட்டில் வீட்டுக்கு ஒரு ஆள் ஆனந்தலோகத்துச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தனை பேரும் செல்லத்தாய் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றார்கள். சொந்தக்காரர்கள் ஆயிற்றே.

ஞானையாதான் தொடங்கினார். "நாங்க யாரும் உன்ன கருப்புன்னு சொன்னமா தாயி? எங்க மூஞ்சியப் பாரு, அடுப்படிச் சுவரு மாதிரி இருக்கு. நம்ம நிறம் நமக்குத் தெரியும். அத ஊரு உலகத்துக்கு எதுக்குக் காட்டிக்கிட்டு?"

"பத்து நாளைக்கு முந்தி நீங்கதான அண்ணாச்சி, எங்க வம்சத்து மூஞ்சி உலகம் பூரா தெரியுதுன்னு டீக்கடையில எல்லாருக்கும் வடை வாங்கிக் குடுத்தீரு?"

"வடை வேற, வயிறு வேற மக்கா."

டிக்கெட் கிழிக்கிற ராசாத்தி அக்காள் அழுதாள். "அரைமணி நேரந்தானட்டி. டிவில வருத நேரம் மட்டும் மாட்டு. பெறவு கழத்திரு. உன் மூஞ்சிய யாரு தூக்கிட்டுப் போகப் போறா?"

பேச்சி அத்தனை பேரையும் பார்த்தாள். அவர்கள் ஒவ்வொருவருடைய குரலும் அவள் தொண்டையில் இருந்தது. கடைசியில் அம்மாவைப் பார்த்தாள். அம்மா இல்லை என்று சொன்னால் போதும், இத்தனை பேரையும் தனியாக நின்று திட்டித் தீர்த்துவிடலாம்.

செல்லத்தாய் பீடி சுற்றிய விரலால் மகளின் கன்னத்து மையைத் தொட்டாள். அவளுக்கு ஆனந்தலோகம் மூடினால் என்ன, திறந்தால் என்ன. அவளுடைய கணக்கு வேறு. இத்தனை கண்ணும் நாள்தோறும் பிள்ளை மேல் விழுகிறது. எந்த மிளகாயும் எந்த மையும் இதற்கு ஈடு இல்லை. விழுகிற கண்ணெல்லாம் அந்தப் பொம்மைத் தலையில் விழுந்து தொலையட்டும். பச்சைப் பிள்ளைக்குத் துணியைப் போட்டு மூடுவதில்லையா? விளைந்த வயலுக்குச் சோளக்கொல்லைப் பொம்மை நிறுத்துவதில்லையா?

"போட்டுக்கோ தாயி," என்றாள். "மூடிக்கிட்டா கண்ணு படாது."

பேச்சி போட்டுக்கொண்டாள். அன்றைக்கு ஆறு மணிக்கு ரோசாக்குட்டி ரோஸாக வந்தாள். நாடு ஒரு பெருமூச்சு விட்டது. காற்றாடிகள் அந்த மூச்சில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றின. மறுநாளே துடைப்பங்கள் கொழுத்தன. பேன்சி ஸ்டோர்க்காரர் களிம்பைக் கதவுக் கீலிலிருந்து வழித்தெடுத்து விற்றார்.

ஆனால் ரோசாக்குட்டி ஆறு மணிக்கு மட்டுமா வருகிறாள்? காலையில் மறு ஒளிபரப்பு, மத்தியானம் மறு ஒளிபரப்புக்கு மறு ஒளிபரப்பு, பிறகு அவளுக்கென்றே ஒரு சேனல். பைகளிலும் பாட்டில்களிலும் அவள் ஓயாமல் சிரித்தாக வேண்டும். அரைமணி நேரம் அரைநாளாயிற்று, அரைநாள் முழுநாளாயிற்று. குளிக்கக் கழற்றினால் நாடெங்கும் கருத்த ரோசாக்குட்டி சொட்டச் சொட்ட நின்றாள், மும்பையிலிருந்து போன் வந்தது. சாப்பிடப் பைபர்த் தாடையை மட்டும் தூக்கினால் எங்கோ ஒரு பிறந்தநாள் கேக்கின் மேல் ரோஸ் முகத்துக்குக் கீழே கருத்த தாடையும் அதில் ஒட்டிய சோற்றுப் பருக்கையும் தெரிந்தது. அப்புறம் கஞ்சியை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினாள். தெருவில் போனால் பல்லில்லாக் கிழவர் முதல் பால் பல் விழாத பிள்ளை வரைக்கும் காவல் காத்தார்கள். "ஏட்டி, கழுத்துப் பக்கம் தெரியுது, இறக்கிவிடு." "காதுப் பக்கம் இளகிருக்கு பாரு, இங்க வா, நான் இறுக்கிவிடுதேன்." அன்பாகத்தான் சொன்னார்கள். அன்பாகத்தான் இறுக்கினார்கள்.

பைபருக்குள் பேசினால் தன் குரல் தன் காதிலேயே கொட்டி எதிரொலித்தது. அதனால் பேச்சி பேச்சைக் குறைத்தாள். பூங்காவில் ரோசாக்குட்டியின் குரல் மட்டும் போதும். வீட்டில் தலையை ஆட்டினால் போதும். கண்டக்டரும் பாதிரியாரும் ரேஷன் கடைக்காரரும் வாடகைக்கு இருந்த வீட்டைக் காலி செய்கிற மாதிரி ஒவ்வொருவராகத் தொண்டையை விட்டுப் போனார்கள். மழை வந்தது, பனி வந்தது, வெயில் வந்தது, எல்லாவற்றையும் அவள் இரண்டு சாயாத் தட்டுக்குள்ளிருந்து பார்த்தாள்.

மறு ஆடியில் காற்று என்றும் அடிக்காத அடி அடித்தது. கூரைத் தகரம் பறந்தது, பனையோலை பறந்தது, போலீஸ்காரர் தொப்பி பறந்து கோழிக்கூட்டில் விழுந்து அதில் கோழி முட்டையிட்டது. ஆனந்தலோகத்தின் நடுவில், பிள்ளைகள் கூட்டத்தில் கையாட்டிக்கொண்டு நின்ற பேச்சியின் மேல் அந்தக் காற்று மோதி, பைபர் தலையைக் கழுத்தோடு உருவி எடுத்துக்கொண்டு, காற்றாடிக் காட்டுப் பக்கம் உருட்டிக்கொண்டு போய்விட்டது.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாரும் டிவியைப் பார்க்க ஓடினார்கள். கிளாட்வின் அறையில் இருந்த பெட்டியில் ரோசாக்குட்டி ஓடிக்கொண்டிருந்தாள். ரோஸாகவே இருந்தாள். மாறவில்லை. ஒரு நூல் மாறவில்லை. ராசாத்தி அக்காள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள், பஜ்ஜிக்காரர் முருகா என்றார். அதற்குப் பிறகுதான் திரும்பி வெளியே பார்த்தார்கள்.

பேச்சி முகத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். காற்று படாமல் இருந்த முகத்தில் காற்று பட்டுக் கூசியது. நாக்கால் முன்பல்லைத் தொட்டாள், சந்து இல்லை. புருவத்தைத் தொட்டாள், பிளவு இல்லை. நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளின் கண்ணாடியில் குனிந்து பார்த்தாள். சாயாத் தட்டு அகலத்தில் இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன. கன்னம் பஞ்சுமிட்டாய் நிறத்தில் இருந்தது. அழித்துப் பார்த்தாள், எச்சில் தொட்டு அழித்துப் பார்த்தாள். அழியவில்லை, அந்த ரோஸ் அவளுடையதாகவே ஆகியிருந்தது.

கிளாட்வின் கிட்டே வந்து, முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்து, கண் கலங்கினார். "இதத்தான் நாங்க முதல்லருந்து கேட்டோம்," என்றார். "இனிமே நீதான் ரோசாக்குட்டி. தலை வேண்டாம், பவுடர் வேண்டாம், ஒரு தொந்தரவும் இல்ல." ஜனங்கள் கை தட்டினார்கள். அதிலும் ஒரு நேர்மை இருந்தது.

பேச்சி கைதட்டலுக்கு நடுவே நடந்து கேட்டைத் தாண்டினாள். சாலையைத் தாண்டினாள். வழியில் ஞானையா எழுந்து நின்று வணக்கம் சொன்னார். பெரிய இடத்துப் பிள்ளை போலிருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது.

செல்லத்தாய் சொளவை மடியில் வைத்தபடி நிமிர்ந்தாள். "யாரும்மா? கம்பெனியிலருந்து வாறீங்களா? எம் மவ பூங்காவுக்குல்லா போயிருக்கா, தலைய மாட்டிக்கிட்டு. சாயங்காலந்தான் வருவா. உக்காருங்க, தண்ணி தாரேன்."

பேச்சி வாசலிலேயே நின்றாள். எவ்வளவோ நாளாக எடுக்காத குரலைத் தொண்டையின் அடியிலிருந்து தேடி எடுத்தாள். "எம்மா," என்றாள். "நாந்தாம்மா. பேச்சி."

செல்லத்தாயின் கையில் இருந்த பீடி அவிழ்ந்தது. உற்றுப் பார்த்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகி, வாயைப் பொத்திக்கொண்டு, "ஏ யம்மா," என்றாள். "அப்படியே எம் மவ குரலு. அவதான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாளா? சண்டாளி, எல்லாரையும் பேசுவா, கடைசில தன்னையும் பேசக் கத்துக்குடுத்திட்டாளா? தலைய மாட்டுன பெறவு எங்கிட்ட வாயத் திறந்து ஒரு வார்த்தை பேசினதில்லம்மா. அந்தக் குரலக் கேட்டே ஒரு வருசம் ஆச்சு."

"நான்தாம்மா."

"நல்லாப் பேசுதீங்க. ஒரு குறையும் சொல்லக்கூடாது." செல்லத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொளவைத் தள்ளி வைத்துவிட்டு, பக்கத்தில் இடம் ஒதுக்கினாள். "ஒண்ணே ஒண்ணு. அவ 'எம்மா'ன்னு அவ்வளவு இழுக்க மாட்டா. வெடுக்குன்னு சொல்லுவா. பசிச்சாத்தான் இழுப்பா. எங்க, இன்னொருக்கச் சொல்லுங்க."

பேச்சி உட்கார்ந்தாள். வெடுக்கென்று சொன்னாள்.

செல்லத்தாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "கிட்ட வந்துட்டீங்க," என்றாள். "இன்னொருக்க."